ஆயிரத்தில் ஒரு கோரிக்கை மட்டும் ஏன் தோற்கிறது?

ஒரு மென்பொருள் பல சேவைகளாகப் பிரிந்து இயங்கும்போது, அந்தச் சேவைகள் பெரும்பாலும் எச்டிடிபி (இணையத்தில் கோரிக்கையும் பதிலும் பரிமாறும் நெறிமுறை) கோரிக்கைகள் மூலமாகத்தான் ஒன்றையொன்று அழைத்துக்கொள்கின்றன. ஆர்டர் சேவை, பொருள் இருக்கிறதா என்று கையிருப்புச் சேவையிடம் கேட்கிறது. கையிருப்புச் சேவை பதில் அனுப்புகிறது. இந்த அழைப்பு ஒவ்வொரு முறையும் தோற்றால் காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிது. முகவரி தவறு, அனுமதி இல்லை, அந்தச் சேவையே ஓடவில்லை என்று ஏதாவது ஒன்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். 999 முறை சரியாகப் பதில் வந்து, ஒரே ஒரு முறை மட்டும் பிழை வருவதுதான் கடினமானது. தோற்ற கோரிக்கையை நாமே எடுத்து மறுபடி அனுப்பிப் பார்த்தால் அது ஒழுங்காக வேலை செய்கிறது. நெட்வொர்க்கில் ஏதோ கோளாறு, தானாகச் சரியாகிவிட்டது என்று எழுதிப் புகாரை மூடிவிடும் வழக்கம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அப்படி மூடிவிடக் கூடாது என்பதற்கு முதல் காரணம் எளிய கணக்குதான். பயனர் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது பின்னணியில் 20 அழைப்புகள் நடக்கின்றன என்றும், ஒவ்வோர் அழைப்பும் ஆயிரத்தில் ஒரு முறை தோற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இருபதும் பிழையின்றி முடிவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 98 சதவீதம். அதாவது, பக்கத்தைத் திறக்கும் ஐம்பது பேரில் ஒருவருக்கு எங்கோ ஏதோ தவறிப்போகிறது. ஒரு சேவையின் அளவில் அற்பமாகத் தெரியும் பிழை, பயனரின் அளவில் அன்றாடத் தொல்லையாகிவிடுகிறது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. இடையிடையே வரும் பிழை தற்செயலானது அல்ல. அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, அது நிறைவேறும்போதெல்லாம் பிழை வருகிறது, நமக்கு அந்த நிபந்தனை இன்னும் தெரியவில்லை என்பதே உண்மை நிலை. ஆகவே இங்கே செய்ய வேண்டிய வேலை, தோற்ற கோரிக்கைகள் எந்த வகையில் ஒன்றுபோல் இருக்கின்றன, வெற்றி பெற்றவற்றிலிருந்து எந்த வகையில் வேறுபடுகின்றன என்பதைத் தேடுவதுதான். பின்வரும் எல்லா உத்திகளும் இந்த ஒரு கேள்விக்கான வழிகளே.

பிழையைச் சொன்னது யார்?

ஆர்டர் சேவையிலிருந்து புறப்படும் கோரிக்கை நேராகக் கையிருப்புச் சேவையின் நிரலுக்குள் போய் விழுவதில்லை. முதலில் டிஎன்எஸ் மூலம் பெயருக்கு உரிய ஐபி முகவரி தேடப்படுகிறது. பிறகு, தரவைப் பாக்கெட்டுகள் என்ற சிறு துண்டுகளாக இரு முனைகளுக்கிடையே கொண்டுசெல்லும் டிசிபி இணைப்பு திறக்கப்படுகிறது. பாதுகாப்பு தேவைப்பட்டால் டிஎல்எஸ் என்ற மறையாக்க உடன்பாடு நடக்கிறது. நடுவில் ஒரு லோட் பேலன்சரோ பிராக்ஸியோ கோரிக்கையை வாங்கி, பின்னால் இருக்கும் அதே சேவையின் பல பிரதிகளில் ஒன்றுக்கு அனுப்புகிறது. இவற்றுள் எந்தக் கட்டத்திலும் கோரிக்கை தோற்கலாம். எனவே நாம் பார்க்கும் பிழைச் செய்தியை எழுதியது இவர்களில் யார் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

எச்டிடிபி பதிலோடு வரும் நிலை எண்கள் இதற்கு ஓரளவு உதவுகின்றன. 500 என்பது பெரும்பாலும் சேவையின் நிரலே ஒப்புக்கொண்ட பிழை. 502 என்றால், நடுவில் இருக்கும் பிராக்ஸி பின்னால் உள்ள சேவையை அழைத்தது, ஆனால் ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை என்று பொருள். 503 என்பது தற்போது கோரிக்கையை ஏற்க முடியாத நிலை. ஆரோக்கியமான பிரதி ஒன்றுகூட இல்லாதபோது பல லோட் பேலன்சர்கள் இதையே அனுப்பும். 504 என்றால் பிராக்ஸி காத்திருந்தது, உரிய நேரத்துக்குள் பதில் வரவில்லை. நிலை எண்ணே இல்லாமல் இணைப்பு முறிந்தது என்ற செய்தி மட்டும் வந்தால், எச்டிடிபி பதில் என்று ஒன்று வந்து சேரவே இல்லை என்று அறியலாம்.

புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் 502 பிழையைப் பார்த்தவுடன் கையிருப்புச் சேவையின் லாக் (நிகழ்வுப் பதிவு) முழுவதையும் தேடுகிறார்கள், எதுவும் கிடைக்காமல் சோர்ந்துபோகிறார்கள். அங்கே எதுவும் இல்லை என்பது தேடல் வீணானதற்கு அடையாளம் அல்ல. அதுவே ஒரு வலுவான சான்று. கோரிக்கை அந்த நிரலை எட்டவே இல்லை என்று அது சொல்கிறது. ஆனால் அப்படி உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் இருக்க வேண்டும், அந்த எண் எல்லாச் சேவைகளின் லாகிலும் பதிவாக வேண்டும். இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2020 பிப்ரவரியில் வெளியிட்ட டிரேஸ் கான்டெக்ஸ்ட் என்ற பரிந்துரை இதற்காகவே டிரேஸ்பேரன்ட் என்ற ஹெடரை (கோரிக்கையோடு செல்லும் குறிப்பு வரியை) வரையறுத்திருக்கிறது. இது இல்லாத அமைப்பில் இரண்டு சேவைகளின் லாகுகளையும் நேரத்தை வைத்துத்தான் பொருத்த வேண்டும். இரண்டு இயந்திரங்களின் கடிகாரங்களும் சில நூறு மில்லிவினாடி விலகியிருந்தால்கூட அந்தப் பொருத்தம் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோற்றவற்றை மட்டும் பதிவு செய்வது போதாது. பிழைகள் எல்லாம் மூன்றாம் பிரதியில்தான் வருகின்றன என்று தெரிந்தாலும், கோரிக்கைகளில் பெரும்பகுதி அந்தப் பிரதிக்கே போகிறது என்றால் அந்தத் தகவலுக்கு மதிப்பு இல்லை. வெற்றி பெற்ற கோரிக்கைகளுக்கும் அதே விவரங்கள் வேண்டும்: எந்தப் பிரதியிலிருந்து எந்தப் பிரதிக்குப் போனது, புதிய இணைப்பா பழைய இணைப்பா, அந்த இணைப்பு அதற்கு முன் எவ்வளவு நேரம் வேலையின்றி இருந்தது, கோரிக்கையின் அளவு என்ன, முடிவு வர எத்தனை மில்லிவினாடி ஆனது.

எடுத்துக்கொண்ட நேரம்

இவற்றில் கடைசி விவரத்தை நான் மற்ற எல்லாவற்றையும்விட மேலாக மதிக்கிறேன். பிழைச் செய்தியின் சொற்கள் நூலகத்துக்கு நூலகம் மாறும்; ஆனால் தோல்விக்கு எடுத்துக்கொண்ட நேரம் எந்த அடுக்கு தோற்றது என்பதை வியப்பூட்டும் அளவுக்குத் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும்.

பிழை ஓரிரு மில்லிவினாடியில் வந்தால், மறுமுனை உடனே மறுத்துவிட்டது அல்லது இணைப்பு ஏற்கெனவே இறந்துபோயிருந்தது. தாமதமான கோரிக்கைகள் 1 வினாடிக்குச் சற்று மேலே குவிந்திருந்தால், டிசிபி இணைப்பைத் திறக்க அனுப்பிய முதல் பாக்கெட் தொலைந்து, மறுபடி அனுப்பப்பட்டிருக்கிறது என்று ஐயப்படலாம். முதல் மறு அனுப்புதலுக்கு முன் சுமார் 1 வினாடி காத்திருப்பது லினக்ஸின் வழக்கம். நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கும் பதிப்புகளில் அடுத்த குவியல்கள் 3, 7 வினாடிகளில் தெரியும். 5 வினாடிக்குச் சற்று மேலே குவிந்தால் டிஎன்எஸ் பக்கம் பார்க்க வேண்டும். பதில் வராத டிஎன்எஸ் வினவலை மறுபடி கேட்பதற்கு முன் லினக்ஸ் இயல்பாக 5 வினாடி காத்திருக்கிறது. 30 அல்லது 60 வினாடி என்று முழு எண்ணில் வந்து நின்றால், அது யாரோ ஓர் அமைப்புக் கோப்பில் எழுதிவைத்த டைம் அவுட், அதாவது காத்திருப்பு வரம்பு. என்ஜின்எக்ஸ் பிராக்ஸி பின்னால் உள்ள சேவையின் பதிலுக்காகக் காத்திருக்கும் இயல்பு நேரம் 60 வினாடி என்பதால், 60 வினாடியில் வரும் 504 பலருக்கும் பழக்கமான காட்சி.

சராசரி நேரத்தைப் பார்த்தால் இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. ஆயிரத்தில் ஒன்று 5 வினாடி எடுத்தால் சராசரி 5 மில்லிவினாடிதான் கூடும். நேரங்களின் பரவலை வரைந்து பார்த்தால் மட்டுமே குவியல்கள் கண்ணில் படும். பிழை நிகழ்ந்த நேரங்களில் மணியையும் நிமிடத்தையும் விட்டுவிட்டு வினாடிகளை மட்டும் எண்ணிப் பார்ப்பதும் இதே வகையான உத்தி. பெரும்பாலான பிழைகள் 00 முதல் 03 வரையிலான வினாடிகளில் விழுந்தால், ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் ஓடும் ஏதோ ஒரு திட்டமிட்ட பணியைத் தேட வேண்டும்.

ஒரு பழைய இணைப்பின் கடைசி மில்லிவினாடி

இப்போது ஒரு காரணத்தை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். சேவைகளுக்கிடையே இடையிடையே வரும் பிழைகளில் மிகப் பரவலானதும், மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான் என்று கருதுகிறேன்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய டிசிபி இணைப்பைத் திறப்பது வீண் செலவு. ஆகவே ஒரு கோரிக்கை முடிந்த பிறகும் இணைப்பை மூடாமல் வைத்திருந்து அடுத்த கோரிக்கைக்கு அதையே பயன்படுத்துகிறார்கள். அழைக்கும் பக்கத்தில் இத்தகைய இணைப்புகள் ஒரு கனெக்‌ஷன் பூலில் காத்திருக்கும். ஆனால் வேலையின்றிக் கிடக்கும் இணைப்பை எந்தப் பக்கமும் எல்லையின்றி வைத்திருக்காது. குறிப்பிட்ட நேரம் கடந்ததும் மூடிவிடும். இந்த நேரத்தை இரண்டு பக்கமும் தனித்தனியாக முடிவு செய்கின்றன என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அமேசானின் அப்ளிகேஷன் லோட் பேலன்சர் இயல்பாக 60 வினாடி வைத்திருக்கும், அப்பாச்சி சர்வரின் இயல்பு 5 வினாடி, நோட்.ஜேஎஸ் சர்வருக்கும் நெடுங்காலமாக அதே 5 வினாடிதான்.

கையிருப்புச் சேவை 5 வினாடியில் மூடும், ஆர்டர் சேவை அதே இணைப்பை 60 வினாடி வரை நம்பும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே ஒரு பாக்கெட் பயணிக்க 0.5 மில்லிவினாடி ஆகிறது. கையிருப்புச் சேவை ஒரு பதிலை முடித்த கணத்திலிருந்து நேரத்தை எண்ணுவோம். 5.0000 வினாடியில் அதன் பொறுமை முடிகிறது. இணைப்பை மூடுகிறேன் என்ற ஃபின் பாக்கெட்டை அனுப்புகிறது. 5.0003 வினாடியில் ஆர்டர் சேவைக்கு ஒரு புதிய தேவை எழுகிறது. ஃபின் இன்னும் வந்து சேரவில்லை, ஆகவே பூலில் இருக்கும் இணைப்பு அதன் பார்வையில் நன்றாகவே இருக்கிறது. கோரிக்கையை அதில் அனுப்பிவிடுகிறது. 5.0005 வினாடியில் ஃபின் வந்து சேர்கிறது. ஆனால் கோரிக்கை புறப்பட்டாகிவிட்டது. 5.0008 வினாடியில் அது மறுமுனையை அடைகிறது. அங்கே அந்த இணைப்பு ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டதால், கையிருப்புச் சேவையின் நிரல் அதைப் பார்ப்பதே இல்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், அந்த இணைப்பு இல்லை என்று அறிவிக்கும் ஒரு ரீசெட் பாக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறது. 5.0013 வினாடியில் ஆர்டர் சேவைக்கு இணைப்பு முறிந்தது என்ற பிழை கிடைக்கிறது. நடுவில் பிராக்ஸி இருந்தால், அந்த ரீசெட்டை வாங்கிக்கொண்டு அழைத்தவருக்கு 502 அனுப்பும்.

இரண்டு சேவைகளிலும் நிரல் பிழை எதுவும் இல்லை. நெட்வொர்க்கும் ஒரு பாக்கெட்டைக்கூடத் தொலைக்கவில்லை. எச்டிடிபி 1.1 நெறிமுறையை விவரிக்கும் ஆர்எஃப்சி 9112 ஆவணமே, எந்தத் தரப்பும் இணைப்பை எந்நேரமும் மூடலாம் என்று சொல்லி, வேலையின்றி இருக்கும் இணைப்பைச் சர்வர் மூட முடிவெடுக்கும் அதே நேரத்தில் கிளையன்ட் புதிய கோரிக்கையை அனுப்பத் தொடங்கியிருக்கலாம் என்று இந்தச் சூழலையே எடுத்துக்காட்டாகக் கொடுக்கிறது.

இந்தப் பிழை எப்போது அதிகமாக வரும் என்று யோசித்தால் அதன் இயல்பு நன்கு விளங்கும். கோரிக்கைகள் இடைவிடாமல் வரும் நேரத்தில் எந்த இணைப்பும் 5 வினாடி சும்மா இருக்காது, எனவே பிழை குறையும். நள்ளிரவில் பல நிமிடங்களுக்கு ஒரு கோரிக்கை வரும்போது, ஃபின் எப்போதோ வந்து சேர்ந்திருக்கும். ஆர்டர் சேவை புதிய இணைப்பைத் திறந்துகொள்ளும், எனவே அப்போதும் பிழை வராது. நடுத்தரமான போக்குவரத்தில், குறிப்பாக 5 வினாடிக்கு ஒரு முறை அழைக்கும் பணி ஏதாவது இருந்தால், பிழை அடிக்கடி வரும். சுமை உச்சத்தில் இருக்கும்போது அல்ல, நடுத்தரமாக இருக்கும்போதுதான் பிழை கூடுகிறது என்ற தகவல், கூடுதல் சர்வர்களை வாங்கிப் பிரச்சினையைத் தீர்க்க நினைப்பவர்களை நிறுத்தி யோசிக்க வைக்க வேண்டும். பிரதிகள் கூடினால் ஒவ்வோர் இணைப்பின் ஓய்வு நேரமும் கூடும். பிழை அதிகமாகவும் வாய்ப்புண்டு.

திருத்தம் ஒரு வரியில் முடிந்துவிடும்: கோரிக்கையை வாங்கும் பக்கம், அனுப்பும் பக்கத்தைவிட நீண்ட நேரம் இணைப்பை வைத்திருக்க வேண்டும். லோட் பேலன்சர் 60 வினாடி என்றால், பின்னால் இருக்கும் சேவையை 65 அல்லது 75 வினாடிக்கு அமைக்கலாம். அப்போது இணைப்பை முதலில் மூடுவது எப்போதும் அனுப்பும் பக்கமாகவே இருக்கும், அது தான் மூடிய இணைப்பில் கோரிக்கையை அனுப்பப்போவதில்லை. இதைச் சோதித்துப் பார்ப்பதும் கடினமல்ல. ஒரே இணைப்பில் ஒரு கோரிக்கையை அனுப்பி, 4.9, 5.0, 5.1 வினாடி என வெவ்வேறு இடைவெளிகளில் அடுத்ததை அனுப்பும் சிறிய நிரல் ஒன்றை எழுதி, சில ஆயிரம் முறை ஓட்டினால் பிழை 5.0 வினாடியை ஒட்டி மட்டும் வருவதைக் கண்ணால் பார்க்கலாம். டிசிபி டம்ப் என்ற கருவி மூலம் பாக்கெட்டுகளைப் பிடித்தால், ஃபின்னும் கோரிக்கையும் வழியில் கடந்துபோவதே தெரியும்.

இதன் நெருங்கிய உறவுதான் நடுவில் இருக்கும் ஃபயர்வால் இணைப்பை மறந்துவிடுவது. சில ஃபயர்வால்கள் சில நிமிடங்கள் அசைவில்லாத இணைப்பைத் தம் அட்டவணையிலிருந்து நீக்கிவிடுகின்றன. இரு முனைகளுக்கும் அதைத் தெரிவிப்பதில்லை. அடுத்த கோரிக்கை எங்கும் போய்ச் சேராமல் டைம் அவுட் வரை தொங்கி நிற்கும். சும்மா இருக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கும் டிசிபி கீப் அலைவ் சோதனை இதைத் தடுக்கக்கூடியதுதான். ஆனால் அதை இயக்கினாலும், லினக்ஸில் இயல்பு மதிப்பான 7200 வினாடியில், அதாவது இரண்டு மணி நேரம் கழித்தே முதல் சோதனை நடக்கும். மதிப்பைக் குறைத்து அமைக்காவிட்டால் பயனில்லை.

வேறு சில நிபந்தனைகள்

பிழை விகிதம் 12.5 சதவீதத்தை ஒட்டியே நின்றால், எட்டுப் பிரதிகளில் ஒன்று கெட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிய பதிப்பை வெளியிடும் நேரங்களில் மட்டும் பிழை வந்தால், பழைய பிரதிகள் அணையும் முறையில் தவறு இருக்கிறது. சேவைப் பிரதிகளை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் ஒரு பிரதிக்கு அணைந்துகொள் என்ற சிக்டெர்ம் அறிவிப்பு போவதும், அந்தப் பிரதியின் முகவரி பட்டியலிலிருந்து நீக்கப்படுவதும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நடக்கின்றன. முகவரி நீங்கிய செய்தி எல்லோரையும் அடைவதற்குள் வரும் கோரிக்கைகள் மூடிய கதவில் மோதுகின்றன. சிக்டெர்ம் வந்த பிறகும் சில வினாடிகள் கோரிக்கைகளை ஏற்றுக்கொண்டு, கையிலிருப்பவற்றை முடித்துவிட்டு அணைவதே முறையான வழி. பெரிய கோரிக்கைகள் மட்டும் தோற்றால் வழியில் எங்கோ பாக்கெட் அளவின் வரம்பு குறைவாக இருக்கலாம்.

புதிய இணைப்புகளைத் திறந்து திறந்து மூடும் சேவைக்கு வேறொரு எல்லை உண்டு. லினக்ஸ் வெளிச்செல்லும் இணைப்புகளுக்கு இயல்பாக 32768 முதல் 60999 வரையிலான போர்ட்டுகளை (இணைப்புக்கான வாயில் எண்களை) தருகிறது, அதாவது 28232. முதலில் மூடிய பக்கத்தில் அந்த போர்ட் 60 வினாடி ஓய்வு நிலையில் கிடக்கும். ஒரே முகவரிக்கும் போர்ட்டுக்கும் வினாடிக்கு ஏறத்தாழ 470 புதிய இணைப்புகளுக்கு மேல் தொடர்ந்து திறந்தால் போர்ட்டுகள் தீர்ந்துபோகும் அபாயம் உண்டு. இதற்குச் சரியான மருந்து இணைப்புகளை மறுபடி பயன்படுத்துவதுதான்.

மறுபடி அனுப்புவது எப்போது சரி?

தோற்ற கோரிக்கையைத் தானாக மறுபடி அனுப்பும் ரீட்ரை வசதியைப் பலரும் முதல் மருந்தாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அது தேவையான வசதிதான். மேலே சொன்ன ஃபின் மோதல் போன்றவற்றுக்கு அது பொருத்தமும்கூட. ஆனால் காரணத்தை அளவிடும் முன்பே அதைச் சேர்த்துவிட்டால், பிழை கண்ணுக்கு மறைந்து, தாமதமாகவும் கூடுதல் சுமையாகவும் உருமாறி உள்ளேயே தங்கிவிடும். ரீட்ரை சேர்த்தாலும் எத்தனை கோரிக்கைகள் இரண்டாம் முறையில்தான் வென்றன என்ற எண்ணிக்கையைத் தனியாகப் பதிவு செய்வது அவசியம்.

இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. கெட் (தரவைப் பெறுவது), புட் (தரவை மாற்றி வைப்பது), டெலீட் (நீக்குவது) போன்ற கோரிக்கைகளை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அனுப்பினாலும் ஒரு முறை அனுப்பியதன் விளைவே நிலைக்க வேண்டும் என்பது நெறிமுறை. புதிய தரவை அனுப்பும் போஸ்ட் கோரிக்கைக்கு அந்த உறுதி இல்லை. பதில் வரவில்லை என்பதற்காக மறுபடி அனுப்பிய போஸ்ட், ஒரே ஆர்டரை இரண்டு முறை பதிவு செய்துவிடலாம். ஏனெனில் முதல் கோரிக்கை வேலையை முடித்துவிட்டு, அதன் பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கக்கூடும். ஒவ்வொரு செயலுக்கும் தனி அடையாள எண் கொடுத்து, ஏற்கெனவே பார்த்த எண் என்றால் பழைய பதிலையே திருப்பித் தரும்படி அமைத்தால்தான் அதை அச்சமின்றி மறுபடி அனுப்ப முடியும்.

மற்றொன்று பெருக்கம். மூன்று அடுக்குச் சேவைகளில் ஒவ்வொன்றும் மூன்று முறை முயன்றால், அவற்றுக்குக் கீழே கடைசியில் இருக்கும் சேவை ஒரு கோரிக்கைக்கு 27 அழைப்புகளைச் சந்திக்கும், அதுவும் அது ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருக்கும் நேரத்தில். ஆகவே ரீட்ரையை ஓர் அடுக்கில் மட்டும் வைப்பதும், ஒவ்வொரு முயற்சிக்கும் இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவதும், எல்லோரும் ஒரே கணத்தில் திரும்பி வராதபடி அந்த இடைவெளியில் சிறிது சீரற்ற மாறுதலைச் சேர்ப்பதும் நல்லது.

திருத்தம் வேலை செய்கிறதா?

இடையிடையே வரும் பிழையில் இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கும் கணக்கு வேண்டும். ஆயிரத்தில் ஒன்று என்ற விகிதத்தில் வந்த பிழைக்கு ஒரு திருத்தம் செய்துவிட்டு, ஆயிரம் கோரிக்கைகளைக் கவனித்து, ஒன்றுகூடத் தோற்கவில்லை என்று மகிழ்வது அவசரம். திருத்தம் எதையுமே மாற்றவில்லை என்றாலும் ஆயிரம் கோரிக்கைகள் தொடர்ந்து வெல்வதற்கு ஏறத்தாழ 37 சதவீத வாய்ப்பு உண்டு. 3000 கோரிக்கைகள் பிழையின்றிக் கடந்த பிறகுதான் அந்த வாய்ப்பு 5 சதவீதமாகக் குறைகிறது. பிழை குறிப்பிட்ட சூழலில்தான் வருகிறது என்றால், அந்தச் சூழலுக்கு உட்பட்ட கோரிக்கைகளை மட்டுமே இந்த எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும்; நெரிசல் நேரத்துக் கோரிக்கைகள் எத்தனை வென்றாலும் ஓய்வு நேர இணைப்பைப் பற்றி அவை எதையும் சொல்வதில்லை. வாய்ப்பிருந்தால் திருத்தத்தை ஒரு பிரதியில் மட்டும் விலக்கி, மற்றவற்றில் வைத்திருந்து, இரண்டையும் ஒரே நேரத்தில் ஒப்பிடுவது இன்னும் வலுவான சோதனை. அந்த ஒரு பிரதியில் மட்டும், அதே மில்லிவினாடி அளவில், அதே பிழை திரும்பி வந்தால், நாம் கண்டுபிடித்த காரணம்தான் உண்மையான காரணம் என்று அந்தப் புகாரில் எழுதி மூடலாம்.